கிருமி என்று சொல்லி அனுப்பினேன்

உங்கள் பிரிவில் இப்போது பிரசவம் ஆனவுடன் நஞ்சுக்கொடியை எடைபோட்டுக் குறித்து வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. எங்கள் காலத்தில் அதை ஒரு வாளியில் போட்டு மூடி வைத்துவிடுவோம். முழுதாக வந்துவிட்டதா, துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று மட்டும் பார்ப்போம். அதற்கு மேல் அதைப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதனால் நடந்ததை இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். சிகிச்சை முறைகளெல்லாம் உங்கள் புத்தகங்களில் என்னைவிட நன்றாக இருக்கும். இது அதைப் பற்றியது இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் மட்டாஞ்சேரியில் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் நான் குழந்தை மருத்துவராக இருந்தேன். மிளகும் சுக்கும் அடைத்து வைக்கும் கிடங்குகளுக்குப் பின்னால், காயலைப் பார்த்த கட்டடம். மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிடும். குழந்தைகளுக்கென்று இருந்த டாக்டர் நான் ஒருத்திதான். எங்கள் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் குடியேறியது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஆகையால் தமிழ் பேசும் நோயாளி யார் வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுவார்கள்.

அப்படி வந்தவள்தான் பேச்சியம்மாள். தலைமுறைகளுக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட சலவைத் தொழிலாளர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வயது இருபதோ இருபத்தொன்றோ. கணவர் சண்முகம். எங்கள் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளையும் பிரசவ அறைத் துணிகளையும் வெளுத்துத் தந்தது அவர்கள் குடும்பம்தான். பேச்சியம்மாள் நிறைமாதம் நெருங்கும் வரை அந்தத் துணிகளைத் தொட்டியில் நின்று துவைத்திருக்கிறாள்.

அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தை நாள் நிறைந்துதான் பிறந்தது. ஆனால் எடை ஒன்றே முக்கால் கிலோவுக்கும் குறைவு. தோல் சுருங்கி, தலை மட்டும் பெரிதாகத் தெரிய, கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தது. அப்படிப்பட்ட குழந்தைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வயதானவர் ஒருவர் நம்மைப் பார்ப்பது போல இருக்கும்.

பிரசவ அறையில் அன்று ரோசி சிஸ்டர் இருந்தார். வைப்பின்காரர், மீன்பிடிக் குடும்பம். தினமும் படகில் வந்து போவார். நஞ்சுக்கொடியை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மலையாளத்தில் அதை மறுபிள்ளை என்பார்கள்.

"டாக்டரே, ஈ மறுபிள்ளை ஒண்ணு நோக்கணும். என் உள்ளங்கையளவே இருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே வயிற்றுப்போக்கில் கிடந்த இரண்டு குழந்தைகள் எனக்காகக் காத்திருந்தன. "குழந்தையே சிறிசு, சிஸ்டர். அதுக்கு ஏத்த மாதிரி இதுவும் சிறிசா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். காரணத்தையும் விளைவையும் நான் தலைகீழாகச் சொல்லியிருந்தேன். சிஸ்டர் வாளியை மூடினார்.

இரண்டாம் நாள் காலை குழந்தை துவண்டது. சர்க்கரை குறைந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றினோம், தேறியது. இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறங்கியது. ஏற்றினால் ஏறும், சற்று நேரத்தில் இறங்கும். பால் கொடுத்தால் கக்கியது. கைகால் சில்லிட்டது. கிருமித் தொற்று என்று முடிவு கட்டினேன். அந்தக் காலத்தில் ஒரு பச்சைக்குழந்தை காரணம் தெரியாமல் வாடினால் நாங்கள் சொல்லும் முதல் பெயர் அதுதான். ஊசிமருந்துகளை மாற்றி மாற்றிப் போட்டேன். ஏன் சர்க்கரை நிற்கவே மாட்டேன் என்கிறது என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். நான் உட்காரவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் குழந்தை இறந்தது.

வராந்தாவில் சண்முகமும் அவருடைய அம்மாவும் நின்றிருந்தார்கள். "கிருமிதான். ரத்தத்துல கலந்துடுத்து. எங்களால ஒண்ணும் பண்ண முடியல்லை" என்றேன்.

சண்முகத்தின் அம்மா கேட்டார்: "கிருமி எங்கேருந்து வந்திச்சு, டாக்டரம்மா?"

"எங்கேருந்து வேணும்னாலும் வரலாம். துணி, தண்ணி, கை, எதுலேருந்தும்."

இந்த வாக்கியத்தை நான் யோசிக்காமல் சொன்னேன். உண்மையில் அது தவறான வாக்கியம்கூட இல்லை. அதனால்தான் அதை உங்களிடம் அப்படியே திருப்பிச் சொல்கிறேன்.

என் மனதில் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. உடலைப் பரிசோதனைக்கு அனுப்பச் சம்மதமா என்று சண்முகத்திடம் கேட்டேன். எங்களிடம் அதற்கு வசதி இல்லை, எறணாகுளத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அவர் தலையை ஆட்டினார். வெள்ளைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தாமே கையில் ஏந்தி, பயணிகளோடு பயணியாகப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோய், அதே மாதிரி திரும்பக் கொண்டுவந்தார்.

எட்டாம் நாள் எறணாகுளத்திலிருந்து, உடலைப் பரிசோதித்த டாக்டர் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். அவர் மிகக் குறைவாகப் பேசுகிறவர். மேஜைமேல் சின்னஞ்சிறு சிறுநீரகங்கள் இரண்டும், அவற்றின் உச்சியில் இருக்க வேண்டிய அட்ரினல் சுரப்பிகள் இரண்டும் தட்டில் இருந்தன. கருவில் வளரும் குழந்தைக்கு இந்தச் சுரப்பி எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியும். பிறக்கும்போதும் சிறுநீரகத்தின் மேல் தொப்பி கவிழ்த்தது போல தடிமனாக இருக்கும். இந்தக் குழந்தைக்கு அது உரித்த வெங்காயச் சருகு போல இருந்தது.

"தொற்றுக்கு எங்கேயும் அடையாளம் இல்லை. நஞ்சுக்கொடி எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"சிறிசா இருந்தது."

"எவ்வளவு?"

நாங்கள் எடைபோட்டிருக்கவில்லை.

அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். நஞ்சுக்கொடி வளராமல் குன்றினால் குழந்தை தனக்கு வருகிற குறைந்த ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விடுகிறது. அட்ரினலுக்கும் அந்தப் பங்கு கிடைக்கிறது. நெருக்கடியில் அந்தச் சுரப்பி முதலில் அதிகமாக வேலை செய்யும். ஆனால் நெருக்கடி மாதக்கணக்கில் நீண்டால் சில குழந்தைகளில் அதன் வளர்ச்சியே நின்றுவிடுகிறது. கருப்பையில் இருக்கும் வரை எப்படியோ ஓடுகிறது. வெளியே வந்ததும் சர்க்கரையையும் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் பிடித்து நிறுத்த அந்தச் சுரப்பி வேண்டும். எல்லாச் சிறிய குழந்தைகளுக்கும் இப்படி ஆவதில்லை. எவற்றுக்கு ஆகிறது என்பது அன்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

கடைசியாக, "ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்தீர்களா?" என்றார்.

கொடுக்கவில்லை. அந்தச் சுரப்பி சுரக்க வேண்டியதை ஈடுசெய்யும் அந்த மருந்து எங்கள் மருந்து அலமாரியில், ஆஸ்துமாக்காரர்களுக்காக வாங்கி வைத்தது, நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. கொடுத்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. பிழைத்திருக்கலாம்.

இதுவரைக்கும் நடந்தது பிழை. பிழை எல்லோருக்கும் நேரும், உங்களுக்கும் நேரும். அடுத்து நான் செய்தது வேறு.

பத்தாம் நாள் சண்முகம் வந்து வெளிநோயாளிகள் வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும், "எறணாகுளத்துல எதாவது சொன்னாங்களா, டாக்டரம்மா?" என்று கேட்டார். பரிசோதனை அறிக்கை என் மேஜை இழுப்பறையில் இருந்தது. உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி மருந்தைப் பற்றி வரும் என்று எனக்குத் தெரியும். "முன்னே சொன்னதேதான்" என்றேன். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை வந்தார். அன்று நான் வெளியே போகவே இல்லை. ரோசி சிஸ்டரை விட்டு அதே பதிலைச் சொல்லி அனுப்பினேன். சிஸ்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று வருடம் போனது. பேச்சியம்மாள் ஏழாம் மாதத்தில் பிரசவ வார்டுக்கு வந்தாள். வயிறு மாதத்துக்குத் தக்கபடி வளரவில்லை. பிரசவ டாக்டர் என்னைக் கூப்பிட்டார். பேச்சியம்மாள் மேஜையில் படுத்திருந்தாள். அவள் தலைக்கு மேலே நாங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். முதல் குழந்தையின் அட்ரினல் எப்படி இருந்தது என்பதை நான் அங்கேதான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். கேட்க வேண்டியவளுக்குப் புரியாத பாஷையில் சொன்னேன். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையின் அட்ரினலும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து உண்டாக்கும் ஒரு ஹார்மோன் தாயின் சிறுநீரில் வெளியேறும். அதை அளந்து பார்க்கும் சோதனை அப்போதுதான் எறணாகுளத்தில் வந்திருந்தது. ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரை அனுப்பினோம். அளவு மிகக் குறைவு. நஞ்சுக்கொடி தளர்ந்தாலும் குறையும், சுரப்பி குன்றினாலும் குறையும். எது என்று அந்தச் சோதனை சொல்லாது. குழந்தையை உள்ளே விட்டால் எந்த நாளும் அதன் இதயம் நின்றுபோகலாம். வெளியே எடுத்தால் நுரையீரல் பக்குவப்படாமல் இருக்கலாம். பிரசவ டாக்டர் இரண்டு வாரம் பொறுத்தார். மூன்றாம் வாரம் சோதனையின் அளவு இன்னும் இறங்கியது. அன்றே அறுவை செய்து எடுத்தோம்.

பெண் குழந்தை. ஒன்றேகால் கிலோ. நஞ்சுக்கொடியை இந்த முறை நானே குழந்தைத் தராசில் வைத்தேன். முன்னதைப் போலவே உள்ளங்கையளவுதான் இருந்தது. மூச்சு பரவாயில்லை. தொப்புள் நரம்பு வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தினேன். அவ்வளவு சிறிய கையில் வேறு நரம்பு கிடைக்காது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே காட்சி. சர்க்கரை இறங்கியது, ஏற்றினோம், மறுபடி இறங்கியது. தோல் திட்டுத்திட்டாக வெளுத்தது. ரத்தத்தில் அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசாலை அளந்து பார்க்க எங்களுக்கு வழியில்லை. தொற்றாக இருந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் இருக்கிற எதிர்ப்பையும் குறைத்துவிடும். சிஸ்டர் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உறப்பாணோ, டாக்டரே?" உறுதிதானா என்று கேட்டார்.

"உறப்பில்லை. கொடுங்கோ."

பிற்பகல் மூன்று மணிக்குக் குழந்தை கைகாலை உதைத்தது. சர்க்கரை நின்றது. சாயங்காலம் வரை நின்றது. நான் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாகச் சுமந்த ஒன்றை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்தேன்.

ஆறாம் நாள் காலை சிஸ்டர் வந்து, "தாய் குழந்தையைத் தொடவே மாட்டேங்குது. பாலைப் பிழிஞ்சு தருது. பக்கத்தில் வராது" என்றார். அன்று காலைதான் நான் தொப்புள் குழாயை எடுத்திருந்தேன். மூன்றாம் நாளே எடுத்திருக்க வேண்டும். மறுபடி சரிந்துவிட்டால் நரம்புக்கு எங்கே போவது என்ற பயத்தில் இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று வைத்திருந்தேன். எடுத்த குழாயின் நுனியை வழக்கப்படி வெட்டி கிருமிச் சோதனைக்கு அனுப்பிவிட்டுப் பேச்சியம்மாளிடம் போனேன்.

வார்டின் கோடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கைகளைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள்.

"என்ன, பிள்ளையைப் பார்க்க வரல்லையா?"

"தூரக்க நின்னு பார்த்தேன்."

"தொட்டுப் பாரு. உன் பிள்ளைதானே."

"வேண்டாம் டாக்டரம்மா. என் கை கொள்ளாது, ஆகாத கை."

கையை விரிக்கச் சொன்னேன். உள்ளங்கையும் விரல் இடுக்குகளும் வெடித்து, சில இடங்களில் ரத்தம் கட்டியிருந்தது. சலவைச் சோடாவில் தினமும் எத்தனை தடவை கழுவுகிறாள் என்று கேட்டேன். மெல்ல மெல்லத்தான் எல்லாம் வெளியே வந்தது. கிருமியால் குழந்தை இறந்ததாக டாக்டர் சொல்லிவிட்டார். துணியிலிருந்து, தண்ணீரிலிருந்து, கையிலிருந்து வரலாம் என்றும் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரித் துணியைத் தொட்டது யார்? தண்ணீரில் நின்றது யார்? பிறகு குழந்தையைத் தூக்கியது யார்? யாரும் அவளைத் திட்டவில்லை. மாமியார் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரித் துணி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவளாகவே துவைப்பதை நிறுத்திவிட்டு, சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியோடு தேய்ப்பு வேலைக்கு மாறிக்கொண்டாள். அந்தச் சூட்டில் கிருமி செத்துப்போகும் என்று யாரோ சொன்னார்களாம். தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் அவள் போகமாட்டாள். போனால் குழந்தையைக் கையில் கொடுத்துவிடுவார்களே என்று பயம்.

"மூணு வருஷமா இப்படியா இருக்கே?"

"அந்தப் பிள்ளையைக் கொன்ன கையில்லா இது" என்றாள். அழாமல்தான் சொன்னாள்.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் குழந்தைக்குத் தொற்றே இல்லை என்றேன். நஞ்சுக்கொடி வளரவில்லை, அதனால் குண்டிக்காய்க்கு மேலே இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி வளரவில்லை, உன் கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன்.

"இது எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?"

"அப்புறந்தான் தெரிய வந்தது" என்றேன்.

அப்போதும் அப்படித்தான் சொன்னேன். எந்த அப்புறம் என்று அவள் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் பேச்சியம்மாள் குழந்தையைத் தொட்டாள். முதலில் ஒரு விரலால் காலை. பிறகு உள்ளங்கையை விரித்துக் குழந்தையின் முதுகில் வைத்தாள். அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்தாள். எடுத்தால் குழந்தை விழித்துவிடும் என்று சிஸ்டரிடம் சொன்னாளாம்.

மறுநாள் காலை குழந்தையின் வயிறு உப்பியிருந்தது. தொப்புளைச் சுற்றிச் சிவந்திருந்தது. அனுப்பிய குழாய் நுனியிலும், பிறகு எடுத்த ரத்தத்திலும் ஒரே கிருமி வளர்ந்தது. எது சரியான மருந்தோ அதைக் கொடுத்தேன். சுரப்பி குன்றிய குழந்தைக்கு எதிர்த்து நிற்கச் சத்தில்லை. நான் கொடுத்த ஹைட்ரோகார்ட்டிசோனும் அதில் தன் பங்கைச் செய்திருக்கும். ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு அந்தக் குழந்தையும் இறந்தது.

ஆஸ்பத்திரி சூப்பிரண்ட் என்னைக் கூப்பிட்டார். மோசமான மனிதர் இல்லை. கிருமிச் சோதனை அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒன்றேகால் கிலோ குழந்தை. எடைக்குறைவு, வளர்ச்சிக்குறைவு என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லையே. குழாயைப் பற்றிச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? நாளைக்குக் குழந்தைக்குக் குழாய் போட ஒருத்தர் சம்மதிப்பாரா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதை நான் உங்களிடம் மறைக்கவில்லை. அது பொய் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் வராந்தாவில் நின்று நான் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். துணிச்சல் என்று எதுவும் அப்போது என்னிடம் இருக்கவில்லை. நடைவழியில் வரும்போது பேச்சியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்திராவிட்டால் நான் சூப்பிரண்ட் சொன்னபடி செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பக்கத்தில் சண்முகமும் அவர் அம்மாவும் இருந்தார்கள். நான் அவர்கள் எதிரில் நின்றேன்.

"கிருமிதானா, டாக்டரம்மா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"ஆமாம். இந்தத் தடவை கிருமிதான்."

சண்முகத்தின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"உன் கையிலேருந்து வரல்லை, பேச்சியம்மா. தொப்புள்ல நான் ஒரு குழாய் வெச்சிருந்தேன். அது வழியாப் போயிருக்கு. நீ பிள்ளையைத் தொடறதுக்கு முன்னேயே அந்தக் குழாயை எடுத்தாச்சு. எடுத்த குழாய்லேயே கிருமி இருந்தது. அதை முன்னேயே எடுத்திருக்கணும். எடுக்காதது நான்."

காயலில் ஒரு படகு போகும் சத்தம் கேட்டது. அவள் தன் கையை மூடினாள்.

"நீங்க சொல்றீங்க. நான் போய்ச் சொன்னா தெருவுல நம்புவாங்களா? அந்தப் பிள்ளைக்கும் கிருமின்னுதான் சொன்னாங்க, இந்தப் பிள்ளைக்கும் கிருமின்னுதான் சொல்றாங்கன்னு பேசுவாங்க. எழுதித் தருவீங்களா?"

"தரேன்."

"தமிழ்ல எழுதித் தரணும்."

இதை எழுதிக் கொடுத்ததால் எனக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். பெரிதாக எதுவும் ஆகவில்லை. சூப்பிரண்ட் விளக்கம் கேட்டார், கொடுத்தேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு அவசியத்துக்கு மேல் பேசவில்லை. தொப்புள் குழாயை மூன்றாம் நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்று வார்டில் ஒரு தாள் ஒட்டினோம். நஞ்சுக்கொடிக்கு ஒரு தராசு வாங்கினோம். இரண்டு வருடம் கழித்து நான் ஆலுவாவில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு சிறிய நஞ்சுக்கொடியோடு பிறந்து, சர்க்கரை நிற்காமல் வாடிய எத்தனையோ குழந்தைகளைப் பார்த்தேன். சில பிழைத்தன. பேச்சியம்மாளுக்கு அப்புறம் குழந்தை பிறக்கவில்லை. அவள் மறுபடியும் துவைக்கப் போகிறாள் என்று ரோசி சிஸ்டர் ஒரு முறை சொன்னார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அன்றைய பிற்பகலைச் சொல்லி முடிக்கிறேன். என் அறையில் அவர்கள் மூன்று பேரும் எதிரில் உட்கார்ந்திருக்க, நான் எழுதினேன். தமிழில் கடிதம் எழுதி எனக்கு வருடக்கணக்காகியிருந்தது. எழுத்துகள் மலையாளத்தின் சாயலில் உருண்டு உருண்டு வந்தன. ஓரிடத்தில் பொக்கிள் என்று எழுதிவிட்டேன். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சண்முகம், "தொப்புள்னு போடுங்க. அவங்களுக்குப் புரியணும்" என்றார். அடித்துவிட்டுத் திருத்தினேன். தேதியும் கையெழுத்தும் போட்டு, ஆஸ்பத்திரி முத்திரையையும் வைத்தேன். பேச்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சண்முகம் அதை வாங்கி, விரலை வைத்துச் சத்தமாக வாசித்தார்.

"முதல் குழந்தை கிருமியால் இறக்கவில்லை. வயிற்றில் நஞ்சுக்கொடி போதுமான அளவு வளரவில்லை. அதனால் குழந்தையின் குண்டிக்காய்க்கு மேலே உள்ள சுரப்பி வளரவில்லை. பேச்சியம்மாள் செய்த எதனாலும் அது வரவில்லை. அதற்குக் கொடுக்க வேண்டிய மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. இது எனக்குக் குழந்தை இறந்து எட்டாம் நாளே தெரியும்."

அங்கே சண்முகம் நிறுத்தினார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"நான் பத்தாம் நாள் வந்து கேட்டேன்."

"கேட்டீங்க."

"முன்னே சொன்னதேதான்னு சொன்னீங்க."

"ஆமாம்."

அவர் தாளின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். கிழித்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். கிழித்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். பேச்சியம்மாள் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"மிச்சத்தையும் வாசிங்க" என்றாள்.

அவர் இரண்டாவது குழந்தையைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தார். குழாயைப் பற்றி, அதை எடுக்கத் தாமதித்தது யார் என்பதைப் பற்றி, கீழே இருந்த என் பெயர் வரைக்கும் வாசித்து முடித்தார். அவருடைய அம்மா எழுந்து வந்து மருமகளின் தலையில் கை வைத்தார். பேச்சியம்மாள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு முறையும் பார்க்கவில்லை.

"மூத்தவனைப் பத்தி எழுதியிருக்கிறதை இன்னொரு தடவை வாசிங்க" என்றாள்.

சண்முகம் மறுபடியும் மேலே விரலை வைத்தார். நான் போகலாமா, இருக்கலாமா என்று தெரியவில்லை. அவர் வாசித்து முடிக்கும் வரை நின்றேன்.